பேறுகாலம் காத்த பெருமக்கள்: தமிழகத்தில் மகளிர் மருத்துவம் வளர்ந்த வரலாறு

பெண்ணின் பேறுகாலத்தை நுட்பமாகக் கண்டு பெயரிட்ட மொழி தமிழ். முதன்முறையாகக் கருவுற்றிருக்கும் நிலையைக் கடுஞ்சூல் என்றும், கருவுற்றவளுக்கு எழும் வேட்கையையும் வருத்தத்தையும் வயா என்றும், ஈன்ற அணிமையைப் புனிறு என்றும் பழந்தமிழர் வழங்கினர். ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனிச் சொல் உண்டாயிற்று என்றால், ஒவ்வொரு நிலையையும் அச்சத்தோடும் அன்போடும் உற்று நோக்கியிருந்தனர் என்பது பொருள்.

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்பது நாட்டார் வழக்கு. இன்று அதனை ஒரு மரியாதைச் சொல்லாகக் கேட்டுக் கடந்துவிடுகிறோம். நூறாண்டுகளுக்கு முன் அது நேர்ப்பொருளிலேயே உண்மையாக இருந்தது. வலி கண்டு உள்ளறைக்குள் சென்ற பெண் மீண்டு வருவாளா என்பதை எவரும் உறுதியாகச் சொல்ல இயலாத காலம் அது. பழைய குடும்பங்களின் வழிமுறைப் பட்டியலைப் புரட்டினால் இரண்டாந்தாரம், மூன்றாந்தாரம் என்னும் குறிப்புகள் அடிக்கடி தென்படும். அக்குறிப்புகளில் பலவற்றின் பின்னே பேறுகாலத்தில் மறைந்த ஓர் இளம்பெண் இருக்கிறாள். அவளுடைய பெயர்கூடப் பட்டியலில் இடம்பெறாமல் போயிருக்கலாம்.

அந்த நிலையிலிருந்து இன்றைய நிலைக்குத் தமிழகம் எவ்வாறு வந்தது, யாருடைய உழைப்பால் வந்தது என்பதை அறிவது ஒவ்வோர் இல்லத்திற்கும் உரிய கடமை.

மருத்துவச்சியின் காலம்

மேலை மருத்துவம் வருவதற்கு முன் ஊர்தோறும் மருத்துவச்சி இருந்தாள். தாயிடமிருந்து மகளுக்கும், மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் கைமாறி வந்த கலை அவளுடையது. நள்ளிரவானாலும் அடைமழையானாலும் அழைத்தவுடன் வந்து நிற்பாள். கூலி என்பது பெரும்பாலும் நெல்லும், ஒரு சேலையும், சிறிது எண்ணெயும்தான். வயிற்றைத் தொட்டுப் பார்த்தே பிள்ளையின் தலை எப்பக்கம் இருக்கிறது என்று சொல்லவல்ல கைத்திறம் பலருக்கு இருந்தது. வலியில் துடிக்கும் பெண்ணின் முதுகை நீவிக்கொண்டு இரவு முழுதும் உடனிருக்கும் பொறுமையும் இருந்தது. இயல்பாக நிகழும் பேறுகளுக்கு அவளுடைய துணை பெரும்பாலும் போதுமானதாக இருந்தது.

இடையூறு நேரும்போதுதான் அவளால் ஒன்றும் செய்ய இயலாது போயிற்று. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், இடுப்பெலும்பு குறுகியிருந்தாலும் வலி நாட்கணக்கில் நீண்டது. நஞ்சுக்கொடி விழாமல் தங்கினால் குருதிப்போக்கு நிற்கவில்லை. கைகால் வீங்கி, ஈற்றில் இழுப்பு கண்டால் அதனைப் பேயின் செயல் என்று கருதி வேறு வழிகளை நாடினர். தொப்புள்கொடியைக் கையில் கிடைத்த கருவியால் அறுத்ததன் விளைவாகப் பிறந்த சில நாட்களில் சேய்கள் வில்வாத சன்னி கண்டு மடிந்தன. இவை எல்லாவற்றுக்கும் மேலாகத் தாயரைக் கொன்றது பேறுகாலக் காய்ச்சல். பிள்ளை நலமாகப் பிறந்து, வீடு மகிழ்ந்திருக்கும் மூன்றாம் நான்காம் நாளில் தாய்க்குக் குளிர் கண்டு, காய்ச்சல் ஏறி, ஒரு வாரத்திற்குள் உயிர் பிரியும்.

இந்த அறியாமை நம் நாட்டுக்கு மட்டும் உரியது அன்று. ஐரோப்பாவின் பெரிய மருத்துவமனைகளிலும் தாயர் இவ்வாறே மடிந்தனர். 1847ஆம் ஆண்டில் வியன்னா நகரின் மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிணவறையில் அறுவை பயின்ற மாணவர்கள் கைகளைத் தூய்மை செய்யாமல் பேறு பார்க்க வருவதே இக்காய்ச்சலுக்குக் காரணம் என்று கண்டார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கைகழுவச் செய்தவுடன் இறப்புகள் பெரிதும் குறைந்தன. ஆயினும் கற்றறிந்த மருத்துவர்களே அவரை நெடுங்காலம் ஏற்கவில்லை. ஆகவே எழுத்தறியாத மருத்துவச்சியை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. அவளுக்குத் தெரியாதது அன்றைய உலகின் பேராசிரியர்கள் பலருக்கும் தெரியாமலே இருந்தது.

முதல் மருத்துவமனையும் முதல் தமிழ் நூலும்

சென்னையில் மகப்பேற்றுக்கென்றே ஒரு மருத்துவமனை 1844ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. இன்று எழும்பூரில் தாய்சேய் நல மருத்துவமனையாக விளங்குவது அதன் வளர்ச்சியே ஆகும். 1854ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவச்சியருக்குப் பயிற்சி அளிக்க அரசு இசைவு தந்தது. 1880களின் தொடக்கத்தில் மருத்துவமனை எழும்பூரின் விரிந்த வளாகத்துக்கு மாறியது. எனினும் தொடக்கக் காலத்தில் அங்குச் சென்றவர்கள் ஐரோப்பியப் பெண்களும், வேறு வழியற்ற ஏழை எளியவர்களுமே. வசதியுள்ள இல்லத்துப் பெண்கள் மருத்துவமனையில் பேறு காண்பதை இழிவாகக் கருதினர்.

இதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் மற்றொரு முயற்சி நடைபெற்றது. 1847இல் அங்கு வந்து மானிப்பாயில் மருத்துவப் பணி புரிந்த அமெரிக்கர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று உறுதி பூண்டார். தமிழ் கற்றார், கலைச்சொற்களைத் தொகுத்தார், தம் மாணவர்களின் துணையோடு மருத்துவ நூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, மோன்செல் என்பவர் ஆங்கிலத்தில் இயற்றிய மகப்பேற்று நூலின் தமிழாக்கமாக 1857இல் வெளிவந்த பிரசவ வைத்தியம். தாயின் வயிற்றில் சேய் கிடக்கும் நிலைகளையும், இடர்ப்பேற்றின் வகைகளையும் தமிழில் படித்த மாணவர்கள் அக்காலத்திலேயே இருந்தனர் என்பது மொழிப்பற்றுடையோர் அனைவரும் எண்ணி மகிழத்தக்கது. தம்மைத் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று கல்லறையில் பொறிக்க வேண்டும் என்பதே கிறீனின் விருப்பமாக இருந்தது.

மருத்துவமனை வந்தது, நூலும் வந்தது. ஆயினும் பெரும்பான்மைப் பெண்களின் நிலை மாறவில்லை. மருத்துவம் வீட்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டது. உள்ளறைக்குள் அது செல்ல முடியவில்லை. மருத்துவர்கள் எல்லாரும் ஆடவர், எவ்வளவு துன்பம் நேர்ந்தாலும் பிற ஆடவர் தம்மைத் தொட்டுப் பார்ப்பதைப் பெண்கள் ஏற்கவில்லை, வீட்டாரும் இசையவில்லை. நாணமும் மரபும் உயிரைவிடப் பெரியனவாக மதிக்கப்பெற்ற சூழலில், அந்த நாணத்துக்கு ஊறு நேராமல் மருத்துவம் செய்யவல்ல பெண்களே தேவைப்பட்டனர். பெண்களோ மருத்துவக் கல்லூரியின் படியேற இடமில்லை.

கல்லூரியின் கதவு திறந்தது

அந்தக் கதவைத் திறக்கச் செய்தவர்களுள் தலையாயவர் மேரி ஷார்லீப். 1845இல் இலண்டனில் பிறந்த இவர், சென்னையில் வழக்கறிஞர் தொழில் புரிய இருந்தவரை மணந்து 1866இல் இந்நகருக்கு வந்தார். கணவருடைய அலுவலகத்தின் வழியாக, இந்திய இல்லங்களில் பெண்கள் பேறுகாலத்தில் படும் பாட்டைக் கேள்வியுற்றார். முதலில் மகப்பேறு மருத்துவமனையில் பேறு பார்க்கும் பயிற்சி பெற்றார். அது போதாது, முழு மருத்துவமும் பயில வேண்டும் என்று உணர்ந்தார். அப்போது சென்னை மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த எட்வர்டு பால்ஃபர் அவருக்குத் துணைநின்றார். 1875ஆம் ஆண்டில் மேரியும் வேறு மூன்று பெண்களும் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்க்கப்பெற்றனர். இங்கிலாந்தின் பல கல்லூரிகள் பெண்களுக்குக் கதவடைத்திருந்த காலத்தில் சென்னை இதனைச் செய்தது என்பதை மறத்தலாகாது.

சென்னையில் படிப்பை முடித்த மேரி, இலண்டன் சென்று 1882இல் மருத்துவப் பட்டமும், மகப்பேற்று இயலில் பொற்பதக்கமும் பெற்றார். வியன்னாவிலும் பயின்றார். 1883இல் சென்னைக்குத் திரும்பினார். சாதி வழக்கத்தாலும் கோஷா முறையாலும் பொது மருத்துவமனைக்கு வர இயலாத பெண்களுக்கென்றே 1885இல் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். விக்டோரியா அரசியார் தம் பெயரைச் சூட்ட இசைவு தந்தார். வேங்கடகிரி அரசர் முதலான வள்ளல்கள் பொருளுதவி செய்தனர். பின்னர்ச் சேப்பாக்கம் கடற்கரைப் பகுதிக்கு மாறிய அந்த மருத்துவமனை, விடுதலைக்குப் பின் கஸ்தூரிபா காந்தியின் பெயரைப் பெற்றது. ஆனாலும் சென்னை மக்களின் நாவில் அது கோஷா ஆஸ்பத்திரியாகவே நிலைத்துவிட்டது.

அதே 1885ஆம் ஆண்டில் அரசப் பிரதிநிதியின் துணைவியார் டஃபரின் சீமாட்டியின் பெயரால் ஒரு நிதியம் தோன்றியது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர், செவிலியர், பேறு பார்ப்போர் ஆகியோரை உருவாக்குவது அதன் நோக்கம். மேரி உடல்நலக் குறைவால் 1887இல் இங்கிலாந்து திரும்பினார். ஆயினும் அவர் நட்ட கன்று வேர்பிடித்துவிட்டது. சென்னை நகரம் ஒருவாறு வழி கண்டது. ஊர்ப்புறங்களோ இருளிலேயே இருந்தன.

திண்டிவனத்தில் ஓர் இரவு

அந்த ஊர்ப்புற இருளின் ஆழத்தைக் காட்டும் நிகழ்ச்சி ஒன்று, தமிழ்ச் சமணக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் திண்டிவனத்திலேயே நடைபெற்றது.

அமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்நாட்டில் மருத்துவப் பணி புரிந்த ஸ்கடர் குடும்பத்தில் 1870ஆம் ஆண்டு ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். கல்வியின் பொருட்டு அமெரிக்கா சென்றவர், தாயாரின் உடல்நலம் குன்றியதால் 1890இல் திண்டிவனத்துக்கு வந்தார். தந்தையார் அங்கு மருத்துவர். மகளுக்கோ இந்நாட்டிலேயே தங்கும் எண்ணம் சிறிதும் இல்லை. தாயார் தேறியதும் திரும்பிச் சென்று அங்கேயே வாழ்வதே அவருடைய கனவு.

ஓரிரவில் மூன்று ஆடவர் அடுத்தடுத்து அவ்வீட்டுக் கதவைத் தட்டினர். முதலாமவர் அந்தணர், இரண்டாமவர் இசுலாமியர், மூன்றாமவரும் உயர்குடி இந்து. மூவருடைய மனைவியரும் பேறுகால இடரில் துடித்துக்கொண்டிருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், தந்தையாரோடு தாமும் வந்து உதவுவதாகவும் அவர் சொன்னார். பிற ஆடவர் தம் மனைவியைக் காண்பதற்கு மூவருமே இசையவில்லை. தனித்தனியே வந்தனர், தனித்தனியே திரும்பினர். விடியலில் சாவுப்பறை கேட்டது. வினவியபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டனர் என்ற செய்தி கிடைத்தது.

சமயத்தாலும் குலத்தாலும் வேறுபட்ட மூன்று வீடுகள், ஒன்றையொன்று அறியாமலே அன்றிரவு ஒரே முடிவுக்கு வந்தன. மருத்துவர் கூப்பிடு தொலைவில் இருந்தார். கருவிகளும் இருந்தன. ஒரு பெண் மருத்துவர் மட்டும் இல்லை. அந்த ஒன்று இல்லாமையால் மூன்று தாயர் மாண்டனர்.

அந்த வைகறையில் ஐடாவின் உள்ளம் மாறிற்று. அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். கார்னெல் மருத்துவக் கல்லூரி மகளிரைச் சேர்த்துக்கொண்ட தொடக்கத்திலேயே அதில் இடம்பெற்று 1899இல் பட்டம் பெற்றார். ஷெல் என்னும் வங்கியாளர் தம் மறைந்த மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலர் நன்கொடையோடு 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வேலூர் வந்தடைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். துணையற்ற நிலையிலும் வீட்டின் சிற்றறை ஒன்றில் ஒரே கட்டிலோடு மருத்துவம் தொடங்கினார். 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனைக்கு வராத பெண்களைத் தேடி அவரே சென்றார். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் காரிலும் குடியாத்தம் சாலை வழியே சென்று, மரத்தடிகளில் நோயாளரைக் கண்டார். குறித்த நாளில் குறித்த மரத்தடியில் மருத்துவர் அம்மா வருவார் என்பதை மக்கள் அறிந்து காத்திருந்தனர். ஊர்ப்புற மருத்துவ சேவை என்று இன்று பெரிதாகப் பேசப்படும் முறைக்கு அந்தச் சாலையோர மருத்துவமே ஒரு முன்னோடி.

தாம் ஒருவரே எத்தனை பேரைக் காக்க இயலும் என்ற வினா அவரை வாட்டியது. கைகள் பெருக வேண்டும் என்று கண்டார். 1909இல் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மாணவியர் சிலராவது விண்ணப்பிப்பார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். விண்ணப்பங்களோ அவர்கள் எதிர்பார்த்ததினும் பன்மடங்கு வந்து குவிந்தன. 1922இல் முதல் அணியாக 14 பெண்கள் மருத்துவர்களாகத் தேறினர். அப்பள்ளி 1942இல் பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. ஆடவரும் 1947 முதல் சேர்க்கப்பெற்றனர். விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற மகப்பேற்று மருத்துவர் ஹில்டா லாசரஸ், 1948இல் அந்நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநரானார். 1960ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில் ஐடா காலமானபோது, அன்றைய ஒற்றைக் கட்டில் அறை நாடறிந்த பெரும் மருத்துவமனையாக வளர்ந்திருந்தது.

தமிழகம் பெற்ற தவப்புதல்வி

வெளிநாட்டார் தொடங்கிய பணியைத் தம் தோளில் ஏற்றுச் சட்டமன்றம் வரை கொண்டுசென்றவர் முத்துலட்சுமி ரெட்டி. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த இவர், பெண்கள் பள்ளிப்படிப்பைத் தாண்டுவதே அரிதாயிருந்த நாளில் ஆடவர் கல்லூரியில் தனியொருத்தியாகப் பயின்றார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் பட்டம் பெற்றார். எழும்பூர் மகளிர் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியேற்றார்.

மருத்துவ அறையில் அவர் கண்டது நோயை மட்டும் அன்று. நோயின் வேரையும் கண்டார். உடல் முற்றும் வளராத சிறுமியருக்கு மணம் முடித்து, அவர்கள் கருவுற்று, குறுகிய இடுப்பெலும்பின் வழியே பிள்ளை வெளிவர இயலாமல் மடிவதற்கு மருந்து எழுதிக்கொடுப்பது தீர்வாகாது என்று உணர்ந்தார். 1927இல் சென்னைச் சட்ட மேலவையின் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். பெண்களின் மணவயதை உயர்த்த வேண்டும் என்று அங்கே வாதாடினார். 1929ஆம் ஆண்டுச் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதை 14 ஆக்கியது. இன்று அது குறைவாகத் தோன்றினும், பேறுகாலச் சாவைத் தடுக்கும் மருந்துகளுள் சட்டமும் ஒன்று என்பதை நாடு அப்போதுதான் கற்றுக்கொண்டது. தேவதாசி முறை ஒழிப்புக்கும், ஆதரவற்ற பெண்களுக்கான அவ்வை இல்லத்துக்கும் அவர் ஆற்றிய தொண்டு யாவரும் அறிந்ததே.

இக்காலத்தில் மகப்பேற்று இயலைக் கற்பித்து மருத்துவர் தலைமுறைகளை உருவாக்கியவர் ஆர்க்காடு இலட்சுமணசாமி முதலியார். எழும்பூர் மருத்துவமனையின் முதல் இந்தியக் கண்காணிப்பாளராகவும், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வராகவும் விளங்கினார். 1938இல் வெளிவந்த அவருடைய மகப்பேற்று நூல், இன்றளவும் திருத்தப்பெற்று மாணவர்களால் பயிலப்படுகிறது. பின்னர் 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்து கல்வியுலகில் பெரும்புகழ் பெற்றார்.

ஊர்தோறும் வந்த செவிலியர்

சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இத்தகைய சட்டத்தை முதன்முதலில் இயற்றியது சென்னையே. தாய்சேய் நலத்தைப் பேணுவது அச்சட்டத்தில் தனிப்பகுதியாக இடம்பெற்றது. மகப்பேறு என்பது வீட்டின் தனிச்செய்தி என்ற நிலை மாறி, அரசின் கடமை என்றாயிற்று. சல்பா மருந்துகளும் அதன்பின் பெனிசிலினும் வந்ததனால், தாயரைக் கொன்றுவந்த பேறுகாலக் காய்ச்சலுக்கு விடை கிடைத்தது. குருதியேற்றும் வசதியும் பாதுகாப்பான மயக்க மருந்தும் வந்ததனால், வயிற்றைத் திறந்து பிள்ளையை எடுக்கும் அறுவை அச்சம் குறைந்ததாயிற்று.

விடுதலைக்குப் பின் ஆரம்பச் சுகாதார நிலையங்கள் வட்டந்தோறும் எழுந்தன. மருத்துவச்சியரை ஒதுக்கிவிடாமல், அவர்களுக்கே தூய்மைப் பயிற்சியும் பேறுகாலப் பெட்டியும் வழங்கும் முறையும் வந்தது. பின்னர்க் கிராம சுகாதாரச் செவிலியர் ஊர்தோறும் நடந்தனர். கருவுற்ற பெண்களைப் பதிவு செய்தல், தசைவிறைப்பு நோய்க்கான தடுப்பூசி இடுதல், இரும்புச்சத்து மாத்திரை தருதல், குருதியழுத்தம் பார்த்தல், இடர் தோன்றும் பெண்களை முன்கூட்டியே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புதல் ஆகிய பணிகள் அவர்களுடையவை. வெயிலிலும் சேற்றிலும் நடந்து வாசலில் நின்று பெயர் சொல்லி அழைத்த அந்தச் செவிலியர்களுக்குச் சிலை எதுவும் இல்லை. ஆயினும் பேறுகாலச் சாவு குறைந்ததில் அவர்களுடைய பங்கு எந்தப் பெருமருத்துவர் பங்குக்கும் குறைந்ததன்று.

இரவும் பகலும் இயங்கும் ஆரம்பச் சுகாதார நிலையங்கள், 2008இல் தொடங்கிய 108 ஊர்தி, முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் வழங்கப்பெறும் மகப்பேறு நிதியுதவி ஆகியன அடுத்தடுத்து வந்தன. பேறுகாலத்தில் ஒரு தாய் இறந்தால் அது ஏன் நேர்ந்தது, எங்கே காலம் தவறியது என்று ஆராயும் வழக்கத்தையும் தமிழ்நாடு மேற்கொண்டது. இறப்பை விதியென்று விட்டுவிடாமல் காரணம் கேட்ட அந்த ஒழுங்கு, பல உயிர்களைக் காத்தது.

பயன் கண்கூடானது. 2019 முதல் 2021 வரை எடுக்கப்பெற்ற தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்கின்றன. 2018 முதல் 2020 வரையான மதிப்பீட்டின்படி, உயிரோடு பிறக்கும் ஒரு இலட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாயரின் எண்ணிக்கை இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54.

பேறுகாலத்துக்கு அப்பாலும்

மகளிர் மருத்துவம் மகப்பேற்றோடு முடிந்துவிடுவதில்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் தமிழ்நாட்டுப் பெண்களை நெடுங்காலமாக வாட்டிவந்தது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, அந்நோய்க்கென ஒரு மருத்துவமனை அமைத்தே தீர்வது என்று பல்லாண்டுகள் பாடுபட்டார். 1952இல் பண்டித நேரு அடிக்கல் நாட்ட, 1954இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு அது தொடங்கப்பெற்றது. மகப்பேற்று இயலில் உயர்பட்டம் பெற்றிருந்த இளம்மருத்துவர் வி. சாந்தா, எழும்பூர் மருத்துவமனையில் தமக்குக் கிடைத்த அரசுப்பணியைத் துறந்து 1955இல் அங்கு வந்து சேர்ந்தார். 2021இல் மறையும் வரை அந்த வளாகமே அவருக்கு வீடாயிற்று.

கருப்பை வாய்ப் புற்றுநோய் தொடக்கத்திலேயே கண்டறியப்பெற்றால் குணப்படுத்தத்தக்கது. அதனை உண்டாக்கும் வைரசைத் தடுக்கத் தடுப்பூசியும் உள்ளது. முப்பது வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் எளிய பரிசோதனை செய்யப்படுகிறது. ஆயினும் பரிசோதனைக்கு முன்வருவோர் இன்னும் சிலரே. வெள்ளைப்படுதலையும் மாதவிலக்கு நின்றபின் தோன்றும் குருதிக்கசிவையும் வெளியில் சொல்லக் கூசி, மாதக்கணக்கில் மறைத்து, நோய் முற்றியபின் மருத்துவமனை சேரும் பெண்கள் படித்த குடும்பங்களிலும் இருக்கின்றனர். அன்று திண்டிவனத்தில் மூன்று உயிர்களைக் கொண்ட அதே நாணம், வேறு வடிவில் இன்றும் வீடுகளுக்குள் இருக்கிறது. அன்று பெண் மருத்துவர் இல்லை என்ற காரணமாவது இருந்தது. இன்று அக்காரணமும் இல்லை.

வேறு இரண்டு செய்திகளும் எண்ணத்தக்கன. முற்கூறிய கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர் குருதிச்சோகை உடையவர்கள். வீட்டில் எல்லாரும் உண்டபின் எஞ்சியதை உண்ணும் வழக்கம் அதற்கு ஒரு காரணம். கருவுற்றபின் இரும்புச்சத்து தருவதைவிட, பெண் குழந்தை பூப்பெய்தும் பருவத்திலேயே கீரை, பயறு, எள், வெல்லம் முதலியவற்றைப் போதிய அளவு தருவது சிறந்தது. மற்றொன்று, இம்மாநிலத்தில் ஏறத்தாழ 45 விழுக்காட்டுப் பேறுகள் அறுவை வழியே நிகழ்வது. இடர் நேர்கையில் அறுவை உயிர்காக்கும் மருந்து. அதனை அஞ்சி மறுப்பது பேதைமை. நல்ல நாளும் நட்சத்திரமும் குறித்து அறுவை வேண்டுவதோ, வலிக்கு அஞ்சி அதனை நாடுவதோ முறையன்று. மருத்துவரிடம் காரணம் கேட்டறிந்து முடிவு செய்வது ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை.

இல்லங்களின் கடமை

இவ்வரலாற்றில் மருத்துவமனை எழுப்பியோர் சிலர். நூல் எழுதியோர் சிலர். சட்டம் செய்தோர் சிலர். பொருள் தந்த வள்ளல்கள் சிலர். பெயர் தெரியாத செவிலியர் பல்லாயிரவர். இவர்கள் எல்லாரும் வாசல்வரை வரவே இயலும். உள்ளறைக் கதவைத் திறக்க வேண்டியவர்கள் வீட்டாரே.

மகளின் உடல்நிலையைத் தாய் வெளிப்படையாகக் கேட்பதும், மருமகளின் சோர்வை மாமியார் சோம்பலென்று கருதாமல் நோயோ என்று எண்ணிப் பார்ப்பதும், மனைவியின் மருத்துவச் செலவைக் கணவன் பிற செலவுகளுக்குப் பின்னே தள்ளாதிருப்பதும் பெரிய தொண்டுகள் அல்ல. ஆயினும் உயிர்காக்கும் செயல்கள். ஐம்பதைக் கடந்த தாயரை ஆண்டுக்கொரு முறை மகளிர் மருத்துவரிடம் அழைத்துச் செல்வதைப் பிள்ளைகள் கடமையாகக் கொள்ளலாம். விழாவுக்கென உறவினர் கூடும் நாட்களில் ஊரிலுள்ள மருத்துவர்களைக் கொண்டு பெண்களுக்கென ஒரு பரிசோதனை முகாம் நடத்துவதும் அரிதன்று.

அந்த மூன்று பெண்களின் பெயர்களை வரலாறு குறித்து வைக்கவில்லை. அவர்கள் இறந்ததனால் ஒரு பெண் மருத்துவரானார். அவரால் பல நூறு பெண்கள் மருத்துவராயினர். அவர்களால் காக்கப்பெற்ற தாயரின் வழியில் வந்தவர்கள் இன்று தமிழகமெங்கும் வாழ்கின்றனர். திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரத்து இல்லங்களில் வேலூர் மருத்துவமனையை நாடிச் சென்று நலமுடன் மீண்ட பாட்டியரைக் கொண்ட குடும்பங்களும் உண்டு. தாம் பெற்ற அந்த நலத்தைத் தம் பெண்மக்களுக்கும் தவறாமல் கிடைக்கச் செய்வதே, பெயரின்றி மறைந்த அத்தாயருக்கு இன்றைய தலைமுறை செலுத்தும் நன்றியாகும்.